சூசு டின்னுக்குள் நுழையாத வைஃபை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்துக்கும் மாமா வீட்டுக்கும் நடுவே செம்பனை வரிசைதான். அவர் வீட்டு வைஃபையைப் பிடிக்க, காலி சூசு டின்னில், அதாவது பால் டின்னில், ஆண்டெனா செய்தேன். சிக்னலில் ஒரு கோடுகூட ஏறவில்லை. கேபிளை மாற்றினேன், கூரைமேல் கட்டினேன். மூன்று ராத்திரி வீண்.

கடைசியில்தான் ஸ்கேலை எடுத்தேன். டின்னின் உள்விட்டம் 7 செ.மீ. அந்த அகலக் குழாயில் சுமார் 2.5 கிகாஹெர்ட்சுக்குக் கீழான அலை ஓடாது, வாயிலேயே தேய்ந்துவிடும். என் வைஃபையோ 2.44. மயிரிழையில் போச்சு!

9 செ.மீ. பால்மாவு டின்னுக்கு மாறினேன். அதன் வெட்டு அதிர்வெண், அதாவது அலை ஓடத் தொடங்கும் எல்லை, 1.95தான். சிக்னல் வந்தது, ஆனால் நொண்டியது. இங்கேதான் பலர் கோட்டை விடுவார்கள். அலையைப் பிடிக்கும் 3.1 செ.மீ. செம்புக் கம்பியை, டின்னின் அடித்தகட்டிலிருந்தும் அதே 3.1 தள்ளிப் பொருத்தியிருந்தேன். வெளியே 12.3 செ.மீ. இருக்கும் அலைநீளம், இந்த டின்னுக்குள் 20.5 ஆக நீள்கிறது. கம்பியின் உயரத்துக்கு வெளிக்கணக்கில் கால்பங்கு போதும். தள்ளிவைக்கும் தூரத்துக்கு உள்கணக்கில் கால்பங்கு, அதாவது 5.1 வேண்டும்.

புது ஓட்டை போட்டு, பழையதைத் தகரத் துண்டு வைத்து ஈயத்தால் அடைத்தேன். மூன்று கோடு நின்றது. மழைக்கு டின்னின் பிளாஸ்டிக் மூடியையே போட்டிருக்கிறேன்; அலைக்கு அது தடையில்லை.