கலர் வைரம் வாங்கும் முன்: அந்த நிறம் எப்படி வந்தது என்று பார்ப்பது எப்படி?

கலர் வைரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "இது ஒரிஜினல் வைரம்தானே?" என்றுதான். விற்பவர் "ஆமாம்" என்பார், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கல் மண்ணுக்கடியில் விளைந்தது, நிறம் மட்டும் பிற்பாடு ஏற்றியது என்றால் அந்த "ஆமாம்" உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. நிறம் இயற்கையானதா, ஏற்றியதா என்பதை வைத்து விலை பல மடங்கு மாறும். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது "இந்த நிறம் எப்படி வந்தது?" என்று.

படி 1: நிறத்தின் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மஞ்சளுக்குக் காரணம் கல்லுக்குள் கலந்த நைட்ரஜன். நீலத்துக்குப் பெரும்பாலும் போரான். புகழ்பெற்ற ஹோப் வைரம் அப்படிப்பட்டதுதான். இளஞ்சிவப்புக் கற்களில் பெரும்பாலானவற்றில் வேறு தனிமம் எதுவும் காரணமில்லை, பூமிக்குள் இருந்த அழுத்தத்தில் படிகமே நெளிந்து போனதால் வந்த நிறம் அது. பச்சை, பாறைகளிலிருந்து வந்த கதிர்வீச்சு பட்டதால் வருவது. அழுத்தமான நிறங்கள் இயற்கையில் மிக அரிது, பழுப்புக் கற்களோ ஏராளம். இளஞ்சிவப்பு வைரங்களுக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கமும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அப்புறம், மலிவான கல்லுக்கு நிறம் ஏற்றும் வேலை நடக்காமல் இருக்குமா?

படி 2: என்னென்ன செய்கிறார்கள்?

*பூச்சு:* எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கல்லின் அடிப்பாகத்தில் மிக மெல்லிய படலம் ஒன்றைப் பூசுவார்கள், மேலிருந்து பார்த்தால் கல் முழுக்க நிறம் பரவியதுபோலத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (நகைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கி) ஒன்று இருந்தால் பல சமயம் நீங்களே பிடித்துவிடலாம். கல்லைக் கவிழ்த்து, அடிப்பட்டைகளில் விளக்கு வெளிச்சம் வழுக்கும்படி மெதுவாகத் திருப்புங்கள். பட்டைகள் சந்திக்கும் விளிம்பில் நிறம் தேய்ந்து வெள்ளையாகத் தெரிகிறதா, நுண்ணிய கீறல்கள் இருக்கின்றனவா, தண்ணீர்மேல் மிதக்கும் எண்ணெய்போல வானவில் பளபளப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். வைரத்தில் அவ்வளவு எளிதில் கீறல் விழாது, கீறல் விழுந்தது பூச்சில்.

*கதிர்வீச்சு:* 1904-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ், கதிரியக்கத் தனிமமான ரேடியத்தோடு வைரங்களை வைத்துப் பச்சையாக்கினார். அப்படிச் செய்த பழைய கற்களில் இன்னும் கதிரியக்கம் இருக்கிறது. இப்போது எலக்ட்ரான் கற்றையாலோ அணு உலையிலோ செய்கிறார்கள், அதன் பிறகு சூடாக்கினால் மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று வேறு நிறங்களும் வரும். தினசரி அணிவதால் இந்த நிறம் போகாது, ஆனால் நகைப் பட்டறையின் தீ பட்டால் மாறலாம்.

*உயர் அழுத்தம், உயர் வெப்பம்:* ஆங்கில எழுத்துகளில் எச்.பி.எச்.டி. என்பார்கள். 1999-இலிருந்து சந்தையில் பரவலாகப் பேசப்படும் முறை. பழுப்புக் கல்லை நிறமற்றதாகவோ, மஞ்சள் அல்லது பச்சை கலந்த மஞ்சளாகவோ மாற்றிவிடும். நிறம் நிலையானது. லூப்பை வைத்துக்கொண்டு இதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆய்வகக் கருவிகள்தான் சொல்லும். இதோடு கதிர்வீச்சையும் மீண்டும் ஒரு சூடாக்கலையும் சேர்த்து சிவப்பு, இளஞ்சிவப்புக் கற்களையும் செய்கிறார்கள்.

கறுப்பு வைரங்களில் பல, விரிசல் நிறைந்த கற்களைச் சூடாக்கி உள்ளே கிராஃபைட் உண்டாகச் செய்தவை.

படி 3: சான்றிதழில் எந்த வரியைப் படிப்பது?

நிறத்தின் தரத்தைப் பார்த்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். 'ஃபேன்சி இன்டென்ஸ்', 'ஃபேன்சி விவிட்' என்பதெல்லாம் நிறம் எவ்வளவு அழுத்தமானது என்று மட்டும் சொல்பவை. நிறம் ஏற்றிய கல்லுக்கும் அந்தத் தரம் கிடைக்கும். ஜி.ஐ.ஏ. (அமெரிக்க ரத்தினக்கல் ஆய்வு நிறுவனம்) சான்றிதழில் நிறத்தின் மூலம் என்று தனி வரி இருக்கும். அதில் 'நேச்சுரல்' (இயற்கை) என்றோ 'ட்ரீட்டட்' (ஏற்றியது) என்றோ 'அன்டிடர்மைன்ட்' (தீர்மானிக்க முடியவில்லை) என்றோ போட்டிருப்பார்கள். பச்சைக் கற்களில் இந்த மூன்றாவது வார்த்தையைப் பார்க்க நேரிடும், ஏனென்றால் பாறையின் கதிர்வீச்சு செய்வதும் அணு உலையின் கதிர்வீச்சு செய்வதும் ஒரே வேலை, சில சமயம் ஆய்வகத்தாலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பூச்சுப் பூசிய கல்லுக்கும், விரிசலைக் கண்ணாடிபோன்ற பொருளால் நிரப்பிய கல்லுக்கும் ஜி.ஐ.ஏ. தரச் சான்று தருவதில்லை.

சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எடை, அளவுகள் ஒத்துப்போக வேண்டும், கல்லின் இடைவிளிம்பில் லேசரால் பொறித்த எண் இருந்தால் லூப் வைத்து அதையும் சரிபாருங்கள். விற்பவரே அச்சடித்துத் தரும் அட்டை இதற்கு ஈடாகாது.

படி 4: ரசீதில் எழுதி வாங்குங்கள்

"இயற்கை வைரம்" என்று மட்டும் இருந்தால் போதாது. "இயற்கை வைரம், இயற்கை நிறம்" என்றோ, "இயற்கை வைரம், கதிர்வீச்சால் நிறமேற்றியது" என்றோ முழுதாக இருக்க வேண்டும். எழுதத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம். நிறமேற்றிய கல் வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை, அழகான நீலத்தைக் குறைந்த செலவில் அணிய அது நல்ல வழி. உண்மையைச் சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 5: வாங்கிய பிறகு

மோதிரத்தின் அளவை மாற்றவோ பற்றவைக்கவோ கொடுக்கும்போது கல் எப்படி நிறம் பெற்றது என்பதை வேலை செய்பவரிடம் சொல்லிவிடுங்கள், கல்லைக் கழற்றிவிட்டு வேலையை முடிப்பார். பூச்சுக் கல் என்றால் அமிலமும் ஆகாது, அல்ட்ராசோனிக் கருவியில் கழுவுவதும் ஆகாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டு இப்போது சந்தேகம் வந்திருக்கிறதா? நகையோடு கொடுப்பதைவிடக் கல்லைத் தனியாகக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தங்கம் மறைக்கும் அடிப்பாகத்தில்தான் பார்க்க வேண்டியது பலவும் இருக்கிறது.