கடலோர ஊருக்கு வயர்லெஸ் நிலையம்: அரசுப் பணத்தில் புதுப்பிப்பது எப்படி

கடலில் இருக்கும் படகுகளோடு கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் நிலையம் பழுதானால், அதைப் புதுப்பிக்கலாம் என்று ஊர் கூடிப் பேசினால் முதலில் எழும் கேள்வி, "எந்த கம்பெனி செட் வாங்கலாம்?" என்பதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். 25 வாட் கடல் விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண் ரேடியோ) செட் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியும், பேட்டரி செத்தும்தான் நிலையங்கள் மூடப்படுகின்றன. புது பேட்டரிக்கு யார் பணம் தருவது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது.

யார் பெயரில் கேட்பது?

மீனவ ஊர்களில் முடிவெடுப்பது ஊர்ப் பஞ்சாயத்தார். குமரிக் கடற்கரையில் பங்குப் பேரவை, அதாவது தேவாலயப் பங்கின் நிர்வாகக் குழு. ஆனால் அரசுப் பணம் இவர்கள் பெயருக்கு வராது. கிராம ஊராட்சி, பேரூராட்சி, மீன்வளத் துறை போன்ற ஒன்றின் சொத்தாகத்தான் நிலையம் பதிவாக வேண்டும். கருவி இருக்கும் கட்டடமும் பொதுக் கட்டடமாக இருக்கட்டும். சங்கத் தலைவர் வீட்டு மாடியில் ஏற்றினால் தணிக்கையில் ஆட்சேபணை வரும். தலைவர் மாறினால் சாவியும் கிடைக்காது. ஊரில் புயல் பாதுகாப்பு மையம் இருந்தால் அதன் மொட்டை மாடியே நல்ல இடம். காற்றைத் தாங்கக் கட்டியது, உயரமும் செலவில்லாமல் கிடைக்கிறது. கட்டடத்தைப் பராமரிக்கும் துறையிடம் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தீர்மானத்தை ஜனவரி 26 கிராம சபையிலேயே நிறைவேற்றுவது நல்லது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில் படகுச் செட்டுகளையும் அவற்றின் ஆன்டெனாவையும் சோதித்துவிடலாம். கரை நிலைய வேலை ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். அந்த ஆண்டு தேர்தல் வருமா என்றும் பாருங்கள்: நடத்தை விதி அமலுக்கு வந்த பிறகு புதிய அனுமதி கிடையாது, அனுமதி கிடைத்தும் தொடங்காத வேலையும் நின்றுவிடும்.

தீர்மானத்தில் நிலையத்தின் எல்லையை நேர்மையாக எழுதுங்கள். கரை ஆன்டெனா, படகு ஆன்டெனா இரண்டின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் விஎச்எஃப் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். கரையில் 20 மீட்டர், படகில் 4 மீட்டர் என்றால் சுமார் 27 கிலோமீட்டர், அதாவது 14 நாட்டிகல் மைல் (கடல் மைல்) சொச்சம். கரை உயரத்தை 40 மீட்டராக்கினாலும் 18 நாட்டிகல் மைல் சொச்சம்தான். நாலு மைலுக்காகத் தனிக் கோபுரம் கட்டுவது பணத்தைக் கடலில் கொட்டுவதுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு விஎச்எஃப் எட்டவில்லை. அந்தத் தூரத்துக்கு இஸ்ரோவின் செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டரோ (செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் படகுக் கருவி) சாட்டிலைட் போனோதான் வழி. அதைத் தனிக் கோரிக்கையாக மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள், இதில் கலக்க வேண்டாம்.

எந்தப் பணம் எதற்கு?

நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழக சட்டமன்ற உறுப்பினருடையது 3 கோடி. உறுப்பினர் பரிந்துரைப்பார், அனுமதிப்பது மாவட்ட நிர்வாகம். நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துக்கான பணம் இது. பராமரிப்புக்கும் சம்பளத்துக்கும் தொட முடியாது. ஆகவே கம்பம், ஆன்டெனா, எர்த், சோலார் எல்லாம் இதில் வரட்டும். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும். படகுக்கு இவ்வளவு என்று வரி பிரித்துப் பழகிய ஊருக்கு அது பெரிய சிரமமில்லை. பேரிடர் நிதியிலும் வழி உண்டு: 15ஆவது நிதிக் குழு (2021–26) மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதத்தை முன்தயாரிப்புக்கும் திறன் வளர்ப்புக்கும் ஒதுக்கியது. கோரிக்கை ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழியாகப் போக வேண்டும். அங்கே ஒரு ஊருக்குக் கேட்பதைவிட, பக்கத்து நாலைந்து ஊர்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் கோப்பு நகரும்.

மதிப்பீட்டில் எழுத வேண்டியது

டெண்டரில் குறைந்த விலைக்காரருக்கே வேலை போகும். "ஆன்டெனா கேபிள், 30 மீட்டர்" என்று மட்டும் எழுதினால் மெல்லிய ஆர்ஜி-58 ரகக் கேபிள் வந்து இறங்கும். அந்த நீளத்தில் அதன் சிக்னல் இழப்பு 6 டெசிபலை (இழப்பை அளக்கும் அலகு) ஒட்டி வரும்; செட்டிலிருந்து கிளம்பும் 25 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது ஆறேழு வாட். தடித்த ஆர்ஜி-213 என்றால் 14 வாட்டை ஒட்டி, எல்எம்ஆர்-400 ரகம் என்றால் 17 வாட்டுக்கு மேல். ஆகவே பிராண்டைக் குறிப்பிடாமல், "கேபிளும் கனெக்டரும் சேர்ந்து மொத்த இழப்பு 156 மெகாஹெர்ட்ஸில் 2 டெசிபலுக்குள்" என்று எழுதுங்கள். கனெக்டர்கள் மீது ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் டேப் சுற்ற வேண்டும், சுவருக்குள் நுழையுமுன் மழைநீர் வெளியிலேயே சொட்டிவிடும்படி கேபிளைத் தொங்கலாக வளைத்துவிட வேண்டும் என்பதையும் சேருங்கள். உப்புக் காற்றில் சாதாரண கரண்ட் டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

எஸ்டபிள்யூஆர் அளவு (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எண்) 1.5க்குள் இருக்க வேண்டும்; அதை எங்கே அளப்பது என்பதையும் எழுதுங்கள். இழப்பு அதிகமான கேபிளின் கீழ் முனையில் மீட்டரை வைத்தால், திரும்பி வரும் சக்தியைக் கேபிளே விழுங்கிவிடும். ஆன்டெனா கெட்டிருந்தாலும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும். மேல் முனையிலும் ஒரு தடவை அளந்து சான்று தரச் சொல்லுங்கள்.

பேட்டரிக் கணக்கு எளிது. கேட்டுக்கொண்டிருக்கும்போது செட் அரை ஆம்பியர், பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். 24 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் சொச்சம் பேசினால் நாளுக்கு 19 ஆம்பியர்-மணி. ட்யூபுலர் பேட்டரியில் (இன்வெர்ட்டருக்கு வைக்கும் ஈய-அமில ரகம்) பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 150 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். 2018இல் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. எனவே 100 வாட் சோலார் பலகை இரண்டு கட்டாயம். நல்ல வெயிலில் ஒன்றே போதும்; புயலுக்கு அடுத்த நாட்களின் மூடாப்புக்குத்தான் இரண்டாவது. பலகையைக் கழற்றி உள்ளே வைக்கும்படி போல்ட் அமைப்பு கேளுங்கள், இல்லையென்றால் முதலில் பறப்பது அதுதான்.

எர்த் தடை 5 ஓமுக்குள். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான். அதுவும் கம்பமும் செட்டும் ஒரே எர்த்தில் இணைய வேண்டும். இரண்டு தனித்தனி எர்த் போட்டால் மின்னலின்போது நடுவில் மாட்டுவது செட்தான்.

வயர்லெஸ் உரிம வேலையை ஆர்டர் கொடுக்கும் முன்பே தொடங்குங்கள். தொலைத்தொடர்புத் துறையில் வயர்லெஸ் உரிமம் தரும் டபிள்யூபிசி பிரிவு, சரல் சஞ்சார் இணையதளம் வழியாக விண்ணப்பம் வாங்குகிறது. ஆன்லைனில் மலிவாக விற்கும் வாக்கி-டாக்கிகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. உரிமம் இல்லாத கருவிக்கு எந்த அதிகாரியும் பில் பாஸ் பண்ண மாட்டார்.

பில் தொகையில் 10 சதவீதத்தை நிறுத்திவைக்க டெண்டரிலேயே நிபந்தனை போடுங்கள். ஒரு படகை 5, 10, 14 நாட்டிகல் மைலில் நிறுத்தி, இரு பக்கமும் தெளிவாகக் கேட்கிறதா என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய பிறகே அதைக் கொடுக்கலாம். சோதனைப் பேச்சு உரிமத்தில் ஒதுக்கிய வேலைச் சேனலில் நடக்கட்டும். சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கும் கூப்பிடுவதற்கும் உரியது. அதில் மீன் விலை பேசத் தொடங்கினால் ஒரே மாதத்தில் எல்லாரும் ஒலியைக் குறைத்து வைத்துவிடுவார்கள்.

இனி மீதியிருப்பது ஆண்டுதோறும் வரும் செலவு. பேட்டரி நான்கைந்து ஆண்டில் மாறும். அதன் விலையில் கால் பங்கு, கனெக்டர் சீரமைப்பு, உரிமக் கட்டணம், மைக்கில் உட்காருபவருக்கு மதிப்பூதியம் ஆகியவை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் என்று அதே ஜனவரித் தீர்மானத்தில் தொகையோடு இருக்க வேண்டும். ஆண்டு முழுக்க மூன்று ஷிப்ட் ஆள் போட ஊராட்சியால் முடியாது. படகுகள் கிளம்பும், திரும்பும் நேரங்களிலும், வானிலை எச்சரிக்கை உள்ள நாட்களில் இரவு பகலாகவும் என்று முறை போட்டால் நடக்கும். மைக் மேசையில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 மூன்றையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அழைப்பு வந்த நேரம், படகுப் பதிவு எண், இடம், யாருக்குத் தகவல் போனது என்று நான்கு பத்தி கொண்ட பதிவேடும் அங்கேயே இருக்கட்டும். அடுத்த முறை நிதி கேட்கும் மனுவோடு இணைக்க வேண்டியது அதன் நகல்தான்.