லண்டனில் குடும்பத்துடன் ஒரு நாள்: செலவை அடக்கிச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

லண்டனில் கை கடிக்கத் தொடங்கும் இடம் போக்குவரத்து என்பதால், திட்டத்தை அதிலிருந்தே தொடங்குங்கள். பதினொரு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவருடன் நால்வர் வரை, சுரங்க ரயிலில் இலவசமாகப் பயணிக்கலாம். பெரியவர்களுக்கோ ஆளுக்கொரு வங்கி அட்டை தேவை. நாள் முழுவதும் அதே அட்டையைத் தொட்டுப் பயணித்தால், தினசரி உச்சவரம்புக்கு மேல் கட்டணம் பிடிக்கப்படாது. அவசரமில்லாத வேளையில் மாடிப் பேருந்தே சிறந்தது. முதல் பேருந்தில் ஏறியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம்தான்.

காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆகியவற்றில் ஒன்றுக்கு மட்டும் செல்லுங்கள். இரண்டிலும் பொது நுழைவு இலவசம் என்றாலும், ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முயல்வது குழந்தைகளை வதைப்பதாகும் என்றே கருதுகிறேன். இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுச் செல்வது நல்லது.

பைகளைச் சுமந்து அலையாமலிருக்க, கடைகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஞாயிறன்று பெரிய கடைகள் மாலை 6 மணிக்குள் மூடிவிடும். சுற்றுலாப் பயணிகள் கையோடு எடுத்துச் செல்லும் பொருள்களுக்கான வரியைத் திருப்பித் தரும் வசதி 2021 முதல் இங்கு இல்லை என்பதால், விலைச்சீட்டில் உள்ளதையே இறுதி விலையாகக் கொள்ளுங்கள். எந்த நாணயத்தில் செலுத்துவது என்று அட்டை இயந்திரம் கேட்டால், பவுண்டையே தேர்ந்தெடுங்கள்.