லிப்ரே ஆபிஸ் ரைட்டர் மக்கர் செய்தால்: கோளாறைக் கண்டுபிடிப்பதும் உதவி கேட்பதும்

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தொகுப்பில் ஆவணம் எழுதுவதற்கான செயலி ரைட்டர். "ரைட்டர் சரியாக வேலை செய்யவில்லை, என்ன செய்வது?" என்று மொட்டையாகக் கேட்டால், எவ்வளவு விவரம் தெரிந்தவராலும் பதில் சொல்ல முடியாது. கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: நீங்கள் திறந்த கோப்பில், உங்கள் கணினியில் சேமித்திருக்கும் அமைப்புகளில், அல்லது மென்பொருளில். எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பல நேரம் யாரிடமும் கேட்காமலே சரிசெய்துவிடலாம். கேட்க நேர்ந்தாலும் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

1. முதலில் கோப்புக்கு ஒரு நகல்

எதையும் தொடுவதற்கு முன் கோப்பை வேறு பெயரில் நகல் எடுங்கள். சோதனையெல்லாம் நகலில்தான். கையோடு டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > லோட்/சேவ் > ஜெனரல் பக்கத்துக்குப் போய், பேக்கப் காப்பி எடுக்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய வடிவம் தனியாக இருக்கும். அதே பக்கத்தில், கணினி திடீரென்று நின்றால் எழுதியதை மீட்க உதவும் ஆட்டோ ரெகவரி 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருக்கும். மின்சாரம் அடிக்கடி போகிற ஊரில் அதை 3 ஆகக் குறைப்பது நல்லது.

2. கோளாறு கோப்பிலா?

புதிதாக ஒரு வெற்று ஆவணம் திறந்து நாலு வரி தட்டச்சிட்டுப் பாருங்கள். அங்கே சிக்கல் இல்லை என்றால் சந்தேகம் பழைய கோப்பின் மேல். அதில் பாதியை அழித்துப் பாருங்கள் (நகலில்தான்!). சிக்கல் மறைந்தால் அது அழித்த பாதியில் இருக்கிறது. இப்படியே பாதி பாதியாகக் குறைத்தால் ஒரு படத்திலோ அட்டவணையிலோ போய் நிற்கும்.

கோப்பு திறக்கவே மறுத்தாலும் பதறாதீர்கள். ரைட்டர் வழக்கமாகச் சேமிக்கும் ஓடிடி (.odt) கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதிதான். நகலின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றி விரித்தால், உள்ளே கன்டென்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் நீங்கள் எழுதியதும், பிக்சர்ஸ் உறையில் (ஃபோல்டரில்) படங்களும் இருக்கும். அழகு போனாலும் எழுத்தை மீட்டுவிடலாம்.

ரைட்டர் திடீரென்று மூடிக்கொண்ட பிறகு, "கோப்பை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அந்த வேறொருவர் பெரும்பாலும் நீங்களேதான். கோப்பு இருக்கும் அதே உறையில், புள்ளியில் தொடங்கி லாக் என்ற சொல்லோடு ஒரு மறை கோப்பு தங்கிவிட்டிருக்கும். வேறு யாரும் அந்த ஆவணத்தைத் திறந்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை நீக்கிவிடலாம்.

3. கோளாறு அமைப்புகளிலா?

புதிய ஆவணத்திலும் சிக்கல் இருக்கிறதா? உடனே மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவத்தான் பலருக்கும் கை போகும். அது அநேகமாக வீண் வேலை. உங்கள் அமைப்புகள் யூசர் புரொஃபைல் என்ற தனி உறையில் இருக்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் அந்த உறை அப்படியே இருக்கும், பழைய கோளாறும் அதோடு திரும்பி வரும்.

அதற்குப் பதில் ஹெல்ப் மெனுவில் 'ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்' கொடுங்கள். மென்பொருள் திறக்கவே இல்லையென்றால், விண்டோஸின் ஸ்டார்ட் மெனுவிலேயே சேஃப் மோடுக்குத் தனிக் குறுக்குவழி இருக்கிறது. வருகிற பெட்டியில் 'கன்டினியூ இன் சேஃப் மோட்' அழுத்துங்கள். உங்கள் அமைப்புகளும் நீட்சிகளும் (கூடுதல் வசதிக்காகச் சேர்த்த துணை நிரல்கள்) தற்காலிகமாக ஒதுங்கி நிற்கும்; எதுவும் அழியாது. இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி புரொஃபைல்தான்.

மறுபடி அதே பெட்டிக்கு வந்து, சிறியதிலிருந்து பெரியதாகப் போங்கள். முதலில் அமைப்புகளின் பேக்கப்பிலிருந்து மீட்பது, அடுத்து நீட்சிகளையும் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனையும் (திரையில் வரைய கிராபிக்ஸ் வன்பொருளைப் பயன்படுத்தும் வசதி) நிறுத்துவது, கடைசியாக முழு புரொஃபைலையும் ரீசெட் செய்வது. முழு ரீசெட்டில் நீங்கள் அகராதியில் சேர்த்த சொற்களும் டெம்ப்ளேட்களும் போய்விடும். அதனால் அட்வான்ஸ்டு பகுதியில் புரொஃபைலை முதலில் பொதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. தமிழ் மட்டும் சரியாக வரவில்லையா?

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ரைட்டர் எழுத்துகளை வகை பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் 'வெஸ்டர்ன்', தமிழ் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்', சுருக்கமாக சிடிஎல். இரண்டுக்கும் எழுத்துருவும் அளவும் தனித்தனி. பத்தியின் ஸ்டைலில் (எழுத்துரு, அளவு போன்றவற்றின் தொகுப்பு) வெஸ்டர்ன் அளவை மட்டும் 14 ஆக்கினால் தமிழ் 12-லேயே நிற்கும். ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளுக்குப் போய் சிடிஎல்லை இயக்கி, அதன் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஸ்டைலில் சிடிஎல் பகுதியிலும் எழுத்துருவையும் அளவையும் மாற்றுங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மேலே எழுத்துருப் பெயரைக் கவனியுங்கள். சாய்வெழுத்தில் இருந்தால் அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) எழுத்துருவை நிறுவினால் போதும். அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய முறையில் தட்டச்சிட்டதாக இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். இது ரைட்டரின் பிழை அல்ல.

5. இனி கேட்கலாம்

ஹெல்ப் > அபௌட் பெட்டியில் பதிப்பு விவரங்களுக்குப் பக்கத்தில் நகலெடுக்கும் பொத்தான் இருக்கிறது. ஒரே அழுத்தில் பதிப்பு எண், இயங்குதளம், மொழி எல்லாம் வந்துவிடும். 2024 முதல் பதிப்பு எண் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கிறது, 24.2 என்றால் 2024 பிப்ரவரி. உங்களுடையது பழையதென்றால் முதலில் புதியதைப் போட்டுப் பாருங்கள்.

கேட்பதற்கான இடம் ஆஸ்க் லிப்ரே ஆபிஸ் என்ற கேள்வி-பதில் இணையதளம். எளிய ஆங்கிலம் போதும். பதில் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் சொந்த நேரத்தை ஒதுக்கி வருகிற தன்னார்வலர்கள். அவர்களை யூகிக்க விடாதீர்கள். எந்த மெனுவை அழுத்தினீர்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது, சேஃப் மோடில் என்ன ஆனது என்று வரிசையாக எழுதுங்கள். பிழைச் செய்தியை அப்படியே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள்.

மென்பொருளின் பிழைதான் என்று தெளிவானால் லிப்ரே ஆபிஸுக்குப் பின்னால் உள்ள அமைப்பான டாகுமென்ட் ஃபவுண்டேஷனின் பக்ஜில்லா என்ற பிழைப் புகார் தளத்தில் பதியலாம். ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். சிக்கலைக் காட்டும் சின்னக் கோப்பு ஒன்றை இணைப்பது அவசியம். அதை உலகில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதால் பெயர், ஆதார் எண், சம்பள விவரம் எதுவும் இருக்கக் கூடாது. தமிழ் எழுத்து உடைவதைக் காட்ட வேண்டுமென்றால், உடைகிற அதே சொல்லை வைத்து வேறொரு வாக்கியம் எழுதி இணையுங்கள்.

புதிய புகார் 'அன்கன்ஃபர்ம்டு' நிலையில் தொடங்கும். இன்னொருவர் அதைத் தன் கணினியில் செய்து பார்த்து உறுதிப்படுத்தினால் 'நியூ' ஆகும். 'நீட்இன்ஃபோ' என்று மாறினால் உங்களிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள், பதில் கொடுங்கள். பல மாதம் பதில் வராத புகார்களை மூடிவிடுவார்கள்.