கலந்து வாழும் ஊரில் சமயத்தை எவ்வளவு தூரம் வெளியே கொண்டுவருவது?

சமயம் பூசையறையோடு முடிந்துவிட வேண்டிய விடயம் என்று சொல்பவர்கள் மட்டக்களப்பில் முன்பும் இருந்தார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னர் அந்தக் குரல் இன்னும் உரத்துக் கேட்கிறது. அச்சத்தில் பிறந்த அந்தக் கருத்தை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் கல்முனையிலிருந்து ஏறாவூர் வரை ஒரு முறை பேருந்தில் வருபவர், கோவில் மணியையும் பாங்கையும் தேவாலயக் கூட்டுப் பாடலையும் ஒரே பயணத்தில் கேட்டுவிடுவார். இப்படிப்பட்ட கரையோரத்தில் நம்பிக்கையைக் கதவைச் சாத்தி வைத்துக்கொள்வது நடக்கக்கூடிய காரியமாக எனக்குத் தோன்றவில்லை. நடக்கக்கூடியது ஒன்று உண்டு: நம் அனுட்டானத்தில் எது நம்மோடு நின்றுவிடுகிறது, எது அயலவரின் காதுக்கும் பாதைக்கும் தட்டுக்கும் போய்ச் சேருகிறது என்று பிரித்துப் பார்த்து, இரண்டாவதை மட்டும் ஒழுங்குபடுத்திக்கொள்வது.

முதலில் சட்டம் இந்தப் பிரிவை எப்படி வைத்திருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 10ஆவது உறுப்புரை, எந்த மதத்தையும் கொண்டிருப்பதற்கும் தெரிவுசெய்வதற்கும் ஒருவருக்குள்ள சுதந்திரத்தை எந்த மட்டுப்பாடும் இல்லாமல் தருகிறது. 14ஆவது உறுப்புரையோ, தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ, வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் நடைமுறையிலும் போதனையிலும் அந்த மதத்தை வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது. இந்த இரண்டாவது உரிமையைப் பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், பிறருடைய உரிமைகள் ஆகியவற்றின் பொருட்டுச் சட்டத்தால் மட்டுப்படுத்தலாம். ஆகவே "வீட்டுக்குள் வைத்துக்கொள்" என்று உங்களைப் பணிக்க அயலவருக்கு அதிகாரம் இல்லை. "இரவு பத்து மணிக்குப் பின் சத்தத்தைக் குறை" என்று கேட்க அவருக்கு நியாயம் உண்டு.

சத்தத்தில்தான் அதிகமான மனக்கசப்பு தொடங்குகிறது, ஆகையால் அதிலேயே அதிக கவனம் செலுத்துங்கள். ஒலிபெருக்கி பாவிப்பதற்குப் பொலிஸ் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவ்வனுமதி வழங்கப்படலாகாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் பணித்தது, விசேட சமய வைபவங்களுக்கு மாத்திரம் சில விலக்குகளை வைத்துக்கொண்டு. ஆனால் அனுமதிப்பத்திரத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அயலவரைக் காயப்படுத்துவதும் இயலும் என்பதால், நான் சொல்லும் வழி வேறு. உங்கள் நிகழ்வின் ஒலிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோவிலில் குளிர்த்தி பாடுவதும் உடுக்கும் மணியும் சடங்கின் உடல், அவற்றைத் தொடாதீர்கள். அதிகாலை நாலரை மணிக்கு யாரும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பக்திப் பாடல் இறுவட்டு சடங்குக்கு உரியதன்று, மின்சாரத்துக்கு உரியது. அதை நிறுத்தினால் அம்மனுக்கு எந்தக் குறையும் வராது. பள்ளிவாசலிலும் கணக்கு இதுவேதான். பாங்கு சில நிமிடங்களில் முடிந்துவிடும், அதைத் தொடரும் நீண்ட பயானை, அதாவது சமய உரையை, உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியில் மட்டும் விடலாம். அடுத்து, ஒலிபெருக்கிகளின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பகலில் நீங்களே ஒரு தரம் சுற்றி நடந்து பாருங்கள். உயர்தரப் பரீட்சைக் காலமானால் கோவில் நிருவாகியான வண்ணக்கரிடமோ பரிபாலன சபையிடமோ பேசி, அயலில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டறியுங்கள். இந்தக் கேள்வியோடு ஒருவர் படியேறி வந்தாலே பாதிக் கோபம் தணிந்துவிடுகிறது என்பது நான் கண்ட அனுபவம்.

ஊர்வலத்துக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: தேர் செல்லும் வீதியில் உள்ள பிற சமயத் தலத்தின் நிருவாகத்துக்கு நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே நேரில் சொல்லுங்கள், தொழுகையோ திருப்பலியோ நடக்கும் வேளையைத் தவிருங்கள்.

உணவு இதற்கு நேர்மாறானது. அங்கே நாம் வெளியே கொண்டுவருவதை அயலவர் விரும்புகிறார், ஆனால் அவரது நம்பிக்கைக்கும் இடம் வைக்க வேண்டும். எங்கள் மதிலுக்கு அப்பால் இருந்த உம்மா, நோன்பு மாதத்தில் மூடிபோட்ட தூக்குச்சட்டியில் கஞ்சி கொடுத்தனுப்புவார். வெள்ளிக்கிழமை வந்தால் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு வெள்ளியெல்லோ மகன், இறைச்சி போடாமப் புறம்பா எடுத்து வச்சிரிக்கன்" என்பார். எங்கள் விரதம் அவருடைய அடுப்பில் நினைவில் இருந்தது. அந்தச் சட்டியை என் தாயார் ஒருபோதும் வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழமோ, ஒரு பிடி சீனியோ உள்ளே இருக்கும். நீங்கள் பொங்கல் கொடுக்க நினைத்தால், படைப்பதற்கு முன்னரே ஒரு பங்கைப் பிரித்து எடுத்து வையுங்கள், ஏனெனில் படைத்த உணவைப் பல முஸ்லிம்களும் சில கிறிஸ்தவர்களும் உண்பதில்லை. கொடுக்கும்போது "படைக்க முந்தி எடுத்தது" என்று வாயால் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர் மரியாதைக்காக வாங்கி வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பார். வேண்டாம் என்றால் முகம் கறுக்க வேண்டியதில்லை.

அலுவலகத்தில் நான் பிழைவிட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். வாணி விழாவுக்காகப் பெயரும் தொகையும் எழுதும் பட்டியலை ஒரு வருடம் மேசை மேசையாகக் கொண்டுசென்றவன் நான். தன் சபை அனுமதிக்காத ஒன்றுக்குப் பணம் கொடுப்பதா என்று தயங்கிய கிறிஸ்தவச் சகோதரி ஒருவர், மேலே பன்னிரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டு தானும் எழுதிவிட்டார். இரண்டு மாதம் கழித்தே அது எனக்குத் தெரியவந்தது. அதன் பின்னர் பட்டியலை ஒழித்து, ஒரு மூலையில் மூடிய உண்டியலை வைத்தோம். யார் போட்டார், யார் போடவில்லை என்று எவருக்கும் தெரியாது. வெள்ளி நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் சகாவின் கருமபீடத்தை யார் பார்ப்பது என்பதை அவர் கெஞ்சிக் கேட்கும் நிலைக்கு விடாமல், கடமைப் பட்டியலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். உடை, விரதம், வழிபாடு காரணமாக அரச நிருவாகத்தால் உங்களுக்கு அநீதி நேர்ந்தால் தாமதிக்க வேண்டாம்: அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம் உண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுவதானாலும் அந்த மாதத்துக்குள் முறையிடுவதே பாதுகாப்பானது.

பிள்ளைகள் விடயத்தில் ஒன்று மட்டும். பாடசாலையில் சமயம் ஒரு கட்டாய பாடம். வகுப்பில் தனித்திருக்கும் வேற்றுச் சமயப் பிள்ளை அந்தப் பாடவேளையில் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று பெற்றோர் கேட்டுப் பார்ப்பது நல்லது.

இறுதியாக மரணம். நம்பிக்கை தனிப்பட்டதாகவே இருக்கட்டும் என்று வாதிடுபவர்கள் 2020ஐ ஒருமுறை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும்: கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்ற கட்டளை அந்த ஏப்ரலில் வந்து, 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் செய்ய இடம் கிடைக்கும் வரை, முஸ்லிம் குடும்பங்கள் ஒரு குழி மண்ணுக்காக அரசிடம் கையேந்தி நின்றன. தன் வீட்டுக்குள் எவ்வளவு அமைதியாகத் தொழுதாலும், கடைசிக் கடமைக்குப் பிறர் கையும் பிறர் நிலமும் பிறர் இசைவும் வேண்டியிருக்கின்றன. ஆகையால் வேற்றுச் சமயத்தாரின் மரண வீட்டுக்குப் போகும்போது, எது வழக்கமென்று வாசலில் நிற்கும் ஒருவரிடம் கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். முஸ்லிம் வீட்டில் ஜனாஸா, அதாவது இறந்தவரின் உடல், அன்றைக்கே அடக்கத்துக்குப் புறப்பட்டுவிடக்கூடும் என்பதால் நாளைக்குப் போகலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். உங்கள் வீட்டு மரண ஊர்வலம் பறைமேளத்தோடு பள்ளிவாசலைக் கடக்க வேண்டியிருந்தால் தொழுகை நேரத்தைப் பார்த்துப் புறப்படுங்கள். என் தந்தையாரின் உடலை எடுத்துச் சென்ற அன்று எங்கள் கணக்குப் பிழைத்து, பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலடிக்கு வந்துவிட்டோம். மேளக்காரர் தாமாகவே கையை நிறுத்தினார், உள்ளேயிருந்து வந்த இருவர் வீதியில் நின்ற முச்சக்கர வண்டிகளை ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டார்கள்.