தினமும் 70 கிலோமீட்டர் ஓட்டறவங்க சின்ன கார் எடுக்கறப்போ என்னென்ன பாக்கணும்

சென்னை பக்கம் கூடுவாஞ்சேரில வீடு சிறுசேரில ஆபீஸ், இல்லன்னா வேளச்சேரில இருந்து ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை, இப்படி இருக்கறவங்க ஷோரூம்க்கு போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுடுங்க. போக வர 70 கிலோமீட்டர், மாசத்துல 22 நாள்னா 1540 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபான்னு வச்சுக்கிட்டா, 16 மைலேஜ் குடுக்கற வண்டிக்கு மாசம் கிட்டத்தட்ட 9600 ரூபா, 20 குடுக்கற வண்டிக்கு 7700. அஞ்சு வருஷத்துல வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல வந்துடும். சன்ரூஃபுக்கும் பெரிய டச் ஸ்க்ரீனுக்கும் டாப் வேரியண்ட்டுக்கு போகலாமான்னு யோசிக்கறப்போ இந்த நம்பர் கண்ணு முன்னாடி இருக்கணும். கம்பெனி சொல்ற மைலேஜை அப்படியே நம்பாதீங்க, அது டெஸ்ட்ல வந்த நம்பர், ஏசி போட்டு பெருங்களத்தூர்ல ஊர்ந்து போறப்போ அது வராது. அதே வண்டிய அதே ரூட்ல ஓட்டற ஒருத்தர கேளுங்க, அவர் சொல்றதுதான் கணக்கு.

விலைய பொறுத்தவரைக்கும், 2025 செப்டம்பர் 22ல இருந்து நாலு மீட்டர் நீளத்துக்குள்ள 1200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருச்சு, அதுக்கு மேல போட்ட செஸ்ங்கற கூடுதல் வரியும் போயிடுச்சு. ஆனா தமிழ்நாட்டுல 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் உள்ள வண்டிக்கு ரோடு டேக்ஸ் 13 சதவீதம், அதாவது 7 லட்ச ரூபா வண்டிக்கு டேக்ஸ் மட்டுமே 91000. அதனால எக்ஸ் ஷோரூம் விலைய பேசாதீங்க, இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து ஆன்ரோடு விலைய எழுதி வாங்கிட்டு அப்புறமா பேசுங்க.

இன்ஜின் விஷயத்துல என் அபிப்ராயம், டர்போ இல்லாத சாதா பெட்ரோல் இன்ஜின் எடுங்க. வேகன் ஆர், ஸ்விஃப்ட், டிசையர், நியோஸ், டியாகோ, அமேஸ் எல்லாமே இந்த ரகம்தான், எந்த ஏரியாவுலயும் இத பிரிச்சு மாட்ட தெரிஞ்ச மெக்கானிக் இருப்பார், பார்ட்ஸும் ஈஸியா கிடைக்கும். பிஎஸ் 6 (இப்போ இருக்கற புகை விதி) டீசல் வேண்டாம், சிட்டில மெதுவாவே ஓட்டிட்டு இருந்தா அதோட ஃபில்டர்ல புகைக்கரி அடைச்சுக்கும். கம்பெனி ஃபிட்டிங் சிஎன்ஜி இவ்ளோ தூரத்துக்கு நல்ல லாபம், ஆனா உங்க ரூட்லயே கேஸ் பங்க் இருக்கணும், டிக்கில பாதி இடம் போயிடும், சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் எடுக்கணும், இதெல்லாம் ஓகேன்னா தாராளமா எடுங்க.

இப்போ முக்கியமான விஷயம், டெஸ்ட் டிரைவ். ஷோரூம்காரர் காலியா இருக்கற ரோட்ல ரெண்டு கிலோமீட்டர் ஓட்ட விட்டு கூட்டிட்டு வந்துடுவார், அதுல ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் ஆறரை மணிக்கு உங்க ரூட்லயே வேணும்னு கேளுங்க, மேடவாக்கம் பக்கமோ பல்லாவரம் பக்கமோ பம்பர் டு பம்பர்ல அரை மணி நேரம் ஓட்டுங்க. இடது காலை கிளட்ச்ல இருந்து எடுத்து பக்கத்துல வைக்க இடம் இருக்கா, இல்ல பெடலுக்கு அடில மடக்கித்தான் வைக்கணுமான்னு பாருங்க. சீட்டோட முன்பக்கம் தொடைய தாங்குதா, இல்ல முட்டிக்கு ஒரு சாண் முன்னாடியே முடிஞ்சிடுதா? வண்டி நகராம ஐடில்ல நிக்கறப்போவும் ஏசி காத்து சில்லுனு வருதா, இல்ல ஆக்ஸிலரேட்டர் மிதிச்சாதான் வருதா? மே மாச வெயில்ல இந்த ஒரு விஷயம்தான் உங்கள காப்பாத்தும், அதனால முடிஞ்சா மத்தியானமும் ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. முட்டி வலி இருக்கறவங்க யோசிக்காம ஆட்டோமேட்டிக் எடுத்துடுங்க, அதுல ஏஎம்டி (சாதா கியர்பாக்ஸையே மெஷின் மாத்தறது) விலை கம்மி, கியர் மாறறப்போ லேசா ஒரு ஆட்டம் இருக்கும், சிவிடி (கியர் படி இல்லாம பெல்ட்ல ஓடறது) ஸ்மூத்தா போகும் ஆனா விலை ஜாஸ்தி.

கண்டெய்னர் லாரிக்கு நடுவுல தினமும் ஓட்டறீங்க, அதனால க்ராஷ் டெஸ்ட் ஸ்டார் பாக்காம எடுக்காதீங்க. 2024ல வந்த டிசையர், வண்டிய மோத விட்டு பாதுகாப்புக்கு 5 வரைக்கும் ஸ்டார் குடுக்கற குளோபல் என்கேப் டெஸ்ட்ல 5 ஸ்டார் வாங்குச்சு, வேகன் ஆர் 2023ல ஒரே ஒரு ஸ்டார்தான் வாங்குச்சு, ரெண்டும் ஒரே கம்பெனி வண்டி. மைலேஜுக்காக இத விட்டுக்குடுக்க எனக்கு மனசு வராது.

வாரண்டில வருஷத்த மட்டும் பாக்காதீங்க, உங்களுக்கு வருஷம் 18000 கிலோமீட்டர் ஓடும், அதனால கிலோமீட்டர் லிமிட் எவ்ளோன்னும் சேத்து பாருங்க. சர்வீஸ் சென்டர் வீட்டுக்கோ ஆபீஸுக்கோ பக்கத்துல இருக்கணும், காலைல விட்டுட்டு சாயங்காலம் எடுக்கற மாதிரி.

செகண்ட் ஹேண்ட் பாக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஜிஎஸ்டி குறைஞ்சதுக்கு அப்புறம் புது வண்டி விலை இறங்கிடுச்சு, பழைய ரேட்ட மனசுல வச்சு சொல்ற விலைக்கு தலையாட்டாதீங்க. ரெண்டாவது வெள்ளம். 2015லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் இங்க தண்ணில நின்ன வண்டிங்க எத்தனையோ, கழுவி பாலிஷ் போட்டு விக்கறாங்க. சீட் பெல்ட்ட முழுசா கடைசி வரைக்கும் வெளிய இழுங்க, உள்ள சுருண்டு இருந்த பகுதில சேத்துக்கறை இருக்கும், அத யாரும் கழுவறதில்ல. ஸ்டெப்னிய தூக்கி அடில பாருங்க, சீட்டுக்கு அடில இருக்கற ரெயில்ல துரு இருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, மேட்ட தூக்கி மோந்து பாருங்க. ஆர்சில லோன் நிலுவை இருக்கான்னு பரிவாஹன்ங்கற அரசாங்க சைட்ல செக் பண்ணிட்டுதான் அட்வான்ஸ் குடுக்கணும்.

புதுசோ பழசோ, இன்சூரன்ஸ் போடறப்போ இன்ஜின் புரொடெக்ட்ங்கற கூடுதல் கவரும் சேத்து போடுங்க. சாதாரண பாலிசில இன்ஜினுக்குள்ள தண்ணி போய் கெட்டுப்போனா பெரும்பாலும் பணம் வராது. நவம்பர் டிசம்பர் மழைல வண்டி தண்ணிக்குள்ள நின்னு போச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க, சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், செலவு எங்கயோ போயிடும். பேட்டரி வயர கழட்டி விட்டுட்டு டோ வண்டிக்கு போன் பண்ணுங்க, இன்சூரன்ஸ்காரங்களுக்கு அனுப்ப தண்ணி எவ்ளோ உயரம் நிக்குதுன்னு தெரியற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்குங்க.