ஜூரி சம்மன் வந்தால் முந்தின நாள் மாலை ஒரு தடவை பாருங்கள்

அமெரிக்காவில் ஜூரி சம்மன் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு வரச்சொல்லும் நீதிமன்றக் கடிதம்) வந்திருந்தால், அதில் போட்டிருக்கும் தேதியில் கண்ணை மூடிக்கொண்டு நீதிமன்றத்துக்குக் கிளம்பாதீர்கள். முந்தின நாள் மாலை, சம்மனில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் குரூப் நம்பருக்கு அழைப்பு இருக்கிறதா என்று நீதிமன்ற இணையதளத்திலோ சம்மனில் உள்ள போன் எண்ணிலோ பாருங்கள், பல நேரம் நாளைக்கு வரவேண்டாம் என்றே வரும், லீவும் பார்க்கிங் காசும் மிச்சம்.

வழக்குகள் விசாரணைக்கு முந்தின நாள்கூட சமரசத்திலோ குற்றத்தை ஒப்புக்கொள்வதிலோ முடிந்துவிடும் என்பதால், நீதிமன்றங்கள் எப்போதும் தேவைக்கு அதிகமான பேரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கடைசி நேரத்தில்தான் முடிவு செய்கின்றன. கலிஃபோர்னியாவில் இப்படி 5 வேலை நாள் பார்த்துக் காத்திருந்தும் நேரில் வரச்சொல்லி அழைப்பே வராவிட்டால் உங்கள் கடமை முடிந்த கணக்குதான், அடுத்த 12 மாதம் தொந்தரவு இல்லை.

எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது, சம்மனில் நேரில் வா என்று மட்டும் இருந்தால் போயே ஆகவேண்டும். வரவேண்டாம் என்றாலும் சில இடங்களில் மறுநாள் மதியம் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள், அதை மறந்தால் வராதவர் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள்.

அப்புறம், எச்1பி, கிரீன் கார்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் உங்களுக்கும் சம்மன் வரும், குப்பையில் போடாமல் குடிமகன் அல்ல என்று குறித்து அனுப்பிவிடுங்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் தவறி மாற்றி டிக் அடித்துவிடாதீர்கள், பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய தலைவலியாகிவிடும்.